பிள்ளையைப் பிரிக்காத உதவி

சுவிஸில் உள்ள திரிம்பாக் மனோன்மணி அம்பாள் கோயிலில் தொண்டு செய்யும் நான், கிளிநொச்சியில் தகப்பனை இழந்த ஒரு பிள்ளையின் படிப்புக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறேன். கொப்பி, சப்பாத்து, ரியூசன் காசு. மிச்சம் வீட்டு அடுப்புக்கு. பிள்ளை தாயோடேயே இருக்கிறது.

அதன் அருமை சுவிஸ் நாட்டின் பழைய கதையைப் படித்தபோதுதான் உறைத்தது. 19ஆம் நூற்றாண்டில் சுவிஸின் பல ஊராட்சிகள் ஏழைகளின் பிள்ளைகளை ஏலத்தில் விட்டன. ஊராட்சியிடம் குறைந்த பராமரிப்புப் பணம் கேட்ட விவசாயிக்கே பிள்ளை. விடியமுன் மாட்டுத்தொழுவம், பிறகுதான் பள்ளி. ஃபெர்டிங்கிண்டர் என்றார்கள் அவர்களை. பிள்ளைகளை இப்படி விவசாயிகளிடம் ஒப்படைக்கும் வழக்கம், ஏலம் நின்ற பிறகும், 1960கள் வரை நீடித்தது. எவ்வளவு கொடுமை! அந்தப் பணத்தைத் தாயிடமே கொடுத்திருக்கலாமே. 2013இல் அரசு மன்னிப்புக் கேட்டது. 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பாதிக்கப்பட்டவருக்கு ஆளுக்கு 25,000 பிராங் தந்தது.

உதவ நினைப்பவர்களே, பிள்ளையைத் தாயின் வீட்டிலேயே வளரவிட்டு உதவுங்கள்.