விடுமுறை இல்லாத நாளில் பிறந்த மே தினம்

சென்னைக் கடற்கரை எத்தனையோ மகாசபைகளைக் கண்டதுண்டு. ஆயினும், 1923-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று அங்கே கூடிய இரண்டு கூட்டங்களுக்கு நிகராகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே என்பது என் துணிபு. இந்திய மண்ணில் தொழிலாளர் தினம் முதன்முதலாகக் கொண்டாடப்பெற்றது அன்றுதான். உயர்நீதிமன்றத்திற்கு எதிரேயுள்ள கடற்கரையில் ஒன்றும், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மற்றொன்றுமாக அக்கூட்டங்களை ஏற்பாடு செய்தவர் ம. சிங்காரவேலர். அன்று செவ்வாய்க்கிழமை, ஊரெங்கும் வேலை நாள். விடுமுறை என்று யாரும் அறிவிக்காத ஒரு நாளைத் தொழிலாளர்கள் தம் திருநாளாகத் தாமே வரித்துக்கொண்டனர்.

சிங்காரவேலருக்கு அப்போது 63 வயது. மீனவர் குலத்தில் பிறந்து, சட்டம் பயின்று, வக்கீல் தொழிலில் கீர்த்தி பெற்றிருந்த அவர், 1921-இல் ஒத்துழையாமை இயக்கம் அழைத்தபோது தம் கறுப்பு அங்கியைத் தீயிலிட்டு அத்தொழிலைத் துறந்தார். 1922-ஆம் ஆண்டின் இறுதியில் கயா காங்கிரசில் தொழிலாளர்க்காகவும் குடியானவர்க்காகவும் வாதாடிவிட்டுத் திரும்பிய அந்தப் பெரியவர், மே தினத்தன்றே லேபர் கிசான் கட்சியையும் தொடங்கிவைத்தார்.

1886-இல் சிக்காகோ நகரத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி உயிர்ப்பலி கொடுத்ததும், 1889-இல் பாரிசில் கூடிய சர்வதேச மாநாடு அதன் நினைவாக மே முதல் நாளைக் குறித்ததும் பலரும் அறிந்த வரலாறு. ஆனால் சென்னை அந்த நாளை இரவல் வாங்கிக் கொண்டாடவில்லை. தன் சொந்தத் துன்பத்தால் அதற்கு உரிமை பெற்றிருந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலைத் தொழிலாளியிடம் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க இடந்தந்தது. பெரம்பூர் ஆலைகளில் நண்பகல் உணவுக்கென்று விட்ட சொற்ப அவகாசம், கை கழுவி உண்டு திரும்பவே போதாமல், அதை நீட்டித் தரவேண்டும் என்பதே அவர்களுடைய ஆதிக் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. ஒரு பிடி சோற்றை நிதானமாக உண்ணும் உரிமைக்காக ஒரு சங்கம் வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது. 1918 ஏப்ரல் 27-இல் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு, திரு. வி. க. முதலியோர் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது.

அதன்பின் நேர்ந்தவை கொடியவை. 1920-இல் ஆலை நிர்வாகம் வாடியாவின் மீது வழக்குத் தொடர, தொழிலாளரைத் தூண்டலாகாது என்று உயர்நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. தொழிற்சங்கத்திற்குச் சட்டத்தின் பாதுகாப்பு எள்ளளவும் இல்லாத காலம் அது. மறு ஆண்டில் மாதக்கணக்கில் நீண்ட வேலை நிறுத்தம், போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்களைப் பறிகொடுத்து, தொழிலாளருக்குள்ளேயே சாதிப் பகையை மூட்டிவிட்டுத் தோல்வியில் முடிந்தது. சிங்காரவேலர் கூட்டிய இரு கூட்டங்களுள் ஒன்று அதே உயர்நீதிமன்றத்தின் எதிரில் நடந்தது என்பதை நான் அற்பச் செய்தியாகக் கருதவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் எந்த மன்றம் தொழிலாளர் தலைவரின் வாயைக் கட்டியதோ, அதன் கண்முன்னே செங்கொடி ஏறியது.

அன்று நிறைவேறிய தீர்மானம், மே தினத்தை அரசாங்கம் விடுமுறை நாளாக அறிவிக்க வேண்டும் என்பது. அதற்குச் செவிசாய்க்க அக்கால அரசாங்கத்திற்கு மனம் இல்லை. தொழிற்சங்கச் சட்டம் 1926-இல் வந்தது. வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை என்ற வரம்பை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் உறுதிசெய்தது. சிங்காரவேலரோ 1946 பிப்ரவரி 11-இல் காலமாகிவிட்டார். அவர் கேட்ட விடுமுறை, 1967-க்குப் பின் அமைந்த தி. மு. க. ஆட்சியில்தான் தமிழ்நாட்டிற்குக் கிட்டியது.

இப்போது அந்த நாளை நாம் எவ்வாறு கழிக்கிறோம்? சங்கங்கள் கொடியேற்றுகின்றன; கிராமங்களில் கிராம சபை கூடுகிறது; மெரினாவில் ராய் சௌதுரி வடித்த உழைப்பாளர் சிலையருகே குடும்பங்கள் காற்று வாங்குகின்றன. ஓய்வு கொள்வதும் உற்றாரோடு களிப்பதும் குற்றமன்று. அந்த ஓய்வுக்காகவே அன்று கூட்டம் கூடிற்று. ஆனால் நமக்கு உணவு பரிமாறுகிறவரும், நம் வாசலில் காவல் நிற்பவரும், சரக்கு ஏற்றி இறக்குபவரும் அன்றைக்கும் வேலையில்தான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தில் பின்னர் மே முதல் நாளும் சேர்க்கப்பெற்றது. அச்சட்டத்தின்படி, தொழில் நிறுவனத்தில் அன்று வேலை செய்பவருக்கு இரட்டிப்புச் சம்பளமோ, சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறையோ தரவேண்டும். முதலாளியாக இருக்கும் அன்பர்கள் அதைக் கேளாமலே கொடுங்கள்; அச்சட்டம் எட்டாத வீட்டு வேலைக்காரருக்கும் அந்த நாளைச் சம்பளத்தோடு விட்டுக்கொடுங்கள்.