ஒரு ஆப் போட்டா லேப்டாப்பே படுத்துடுதா? 'மாறாத லினக்ஸ்' எப்படி வேலை செய்கிறது?

தமிழக அரசு 2011-ல் விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியபோது, திருவதிகை, பண்ருட்டி, சிதம்பரம் என எல்லா ஊர் மாணவர்களின் வீட்டுக்கும் விண்டோஸோடு சேர்ந்து லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் அது. 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், லினக்ஸுக்கு மாறலாமா என்ற கேள்வி மீண்டும் வந்திருக்கிறது. மாறுபவர்கள் முதலில் சந்திக்கும் தலைவலி, டிபெண்டன்சி.

டிபெண்டன்சி என்றால் என்ன?

எந்த மென்பொருளும் தனியாக ஓடாது. வீடியோ பிளேயருக்குச் சில லைப்ரரிகள் வேண்டும், அந்த லைப்ரரிகளுக்கு வேறு சில வேண்டும். இந்தச் சார்புதான் டிபெண்டன்சி. ஒரு ஆப் லைப்ரரியின் பழைய பதிப்பைக் கேட்க, இன்னொன்று புதியதைக் கேட்டால் மோதல்தான். வெளியில் கிடைத்த பேக்கேஜை வலுக்கட்டாயமாக இன்ஸ்டால் செய்தால், சில நேரம் டெஸ்க்டாப்பே திறக்காது.

பைத்தான் படிக்கும் மாணவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சிஸ்டத்துக்குச் சொந்தமான பைத்தானிலேயே புதுப்புது பேக்கேஜ்களைப் போட்டு, சிஸ்டம் கருவிகளைக் கெடுத்துவிடுவார்கள். இதனால்தான் 2023-ல் வந்த டெபியன் 12, அப்படி நேரடியாகப் போடுவதையே தடுத்துவிட்டது.

'மாறாத லினக்ஸ்' என்ன செய்கிறது?

பெரும்பாலான கோயில்களில் மூலவரை யாரும் அசைப்பதில்லை; வீதியுலா வருவது உற்சவர்தான். ஏறக்குறைய அதே ஏற்பாடுதான் இங்கேயும். இயங்குதளத்தின் மையப்பகுதி படிக்க மட்டுமே திறந்திருக்கும். நீங்களோ, ஒரு ஆப்போ அதில் நேரடியாகக் கை வைக்க முடியாது. உங்கள் ஃபைல்களும் ஆப்களும் தனி இடத்தில் இருக்கும்.

ஃபெடோரா சில்வர்புளூ இதற்கு நல்ல உதாரணம். 2022-ல் வந்த ஸ்டீம் டெக் கேம் கருவியின் இயங்குதளமும் இதே வகைதான்.

சில்வர்புளூவில் அப்டேட் வரும்போது, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை அது தொடாது. பக்கத்திலேயே புதிய பிரதியைத் தயார் செய்து, ரீஸ்டார்ட் செய்ததும் அதற்கு மாறும். பழைய பிரதியும் அப்படியே இருக்கும். புதியது சரியில்லையா? பூட் மெனுவில் பழையதைத் தேர்வு செய்தால் போதும்.

அப்போ, எதை எங்கே போடணும்?

● தினசரி ஆப்கள் (பிரவுசர், லிப்ரே ஆபீஸ், விஎல்சி, ஜிம்ப்): ஃபிளாட்பேக் வழியாக. தேவையான லைப்ரரிகள் ஆப்போடும், 'ரன்டைம்' என்ற பொதுத் தொகுப்போடும் வந்துவிடும், சிஸ்டத்தோடு மோதாது. முதல் ஆப் போடும்போது டேட்டா நிறைய செலவாகும். அதே ரன்டைமைப் பயன்படுத்தும் அடுத்த ஆப்களுக்கு அவ்வளவு ஆகாது.

● புரோகிராமிங் கருவிகள் (பைத்தான், சி கம்பைலர்): 'டூல்பாக்ஸ்' என்ற கன்டெய்னருக்குள். கெட்டுப்போனால் அதை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம். ஆனால் உங்கள் ஹோம் ஃபோல்டர் உள்ளேயும் தெரியும். அங்கே ஒரு ஃபைலை அழித்தால், அழிந்ததுதான்.

● வேறு வழியே இல்லாதவை (சில பிரிண்டர் டிரைவர்கள் போன்றவை): மையத்தின் மேல் கூடுதல் அடுக்காகச் சேர்க்கலாம். இதற்கு 'லேயரிங்' என்று பெயர். வழக்கமாக ரீஸ்டார்ட் தேவைப்படும்.

இந்த மூன்றாவது வழியில்தான் கவனம் வேண்டும். அடுக்குகள் கூடக்கூட, டிபெண்டன்சி மோதலும் திரும்ப வரும். ஒரு பேக்கேஜ் ஒத்துப்போகவில்லை என்றால் மொத்த அப்டேட்டும் நின்றுவிடும். சிஸ்டம் உடையாது, ஆனால் பாதுகாப்பு அப்டேட் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். அந்த பேக்கேஜை நீக்கிவிட்டு அப்டேட் செய்து, பிறகு திரும்பச் சேர்க்க முயல்வதே எளிய தீர்வு.

பேக்கப் தேவையில்லையா?

கட்டாயம் தேவை. பழைய பிரதிக்குத் திரும்புவது சிஸ்டத்தை மட்டுமே மீட்கும். அழிந்துபோன போட்டோவோ, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோ திரும்ப வராது.

எல்லா லேப்டாப்புக்கும் பொருந்துமா?

2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் சில்வர்புளூ திணறும். அதற்கு எடை குறைந்த சாதாரண லினக்ஸே நல்லது. அங்கேயும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம்: டெபியன் வகை லினக்ஸிலும் ஃபிளாட்பேக் உண்டு, பைத்தானுக்கு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உண்டு. மையத்தைத் தொடாமல் இருந்தாலே பாதிப் பிரச்னை வராது.

கடலூர் மாவட்ட மாணவர்களுக்குப் பக்கத்திலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இலவசப் பயிற்சிகள் நடத்துகிறது. 'கணியம்' இணையதளத்தில் லினக்ஸ் பற்றிய தமிழ்க் கட்டுரைகளும் கிடைக்கின்றன. லேப்டாப்பை மாற்றும் முன், பென் டிரைவில் லினக்ஸை லைவாக ஓட்டி வைஃபை, சவுண்ட், பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.