எழுதி வைத்த தவறுகள்

1893ஆம் ஆண்டு, பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஹார்வி குஷிங் என்ற மாணவரை, அறுவைக் கூடத்தின் பார்வையாளர் வரிசையிலிருந்து கீழே கூப்பிட்டார்கள். பக்கத்து அறையில் இருக்கும் நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது என்று அதுவரை யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. உடனிருந்த ஊழியர் சொல்லச் சொல்ல, தெரிந்த மட்டும் கொடுத்தார். குடலிறக்கம் இறுகி இரவெல்லாம் வாந்தியெடுத்த நோயாளி அவர். வயிற்றில் இருந்ததெல்லாம் பொங்கி வந்து மூச்சுக்குழலில் இறங்க, அங்கேயே உயிர் போய்விட்டது. திகைத்து நின்ற மாணவரிடம், இது அடிக்கடி நடப்பதுதான், உன்னால் போன உயிர் அல்ல, மறந்துவிட்டுப் படிப்பைப் பார் என்றார்கள். குஷிங் படிப்பைத் தொடர்ந்தார், ஆனால் அந்த மரணத்தை மறக்கவில்லை. மூளை அறுவையின் முன்னோடி என்று உலகம் அவரைக் கொண்டாடிய பிறகும், அதை மறக்கவில்லை என்று அவரே எழுதினார்.

அறுவை சிகிச்சைத் துறையில் பி.ஜி. மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவன் நான். புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ‘மறந்துவிடு’ என்பது அன்பால் சொல்லும் சொல்தான். ஆனால் அதனால் செத்தவருக்கும் பயனில்லை, அடுத்து மேசையில் படுக்கப் போகிறவருக்கும் பயனில்லை.

குஷிங்குக்கு ஒரு வகுப்புத் தோழர் இருந்தார், எர்னஸ்ட் அமோரி காட்மன். யார் நன்றாக மயக்கம் கொடுப்பது என்று இருவரும் ஒரு விருந்துச் சாப்பாட்டைப் பந்தயம் வைத்தார்கள். வெறும் வாய்ப்பேச்சில் வெற்றியை எப்படி முடிவு செய்வது? நாடித்துடிப்பையும் மூச்சையும் நிமிடக் கணக்கில் தாளில் குறிக்கத் தொடங்கினார்கள். 1894இல் அந்த இரு மாணவர்கள் வரைந்த ஈதர் அட்டவணைகள்தான் இன்று ஒவ்வொரு தியேட்டரிலும் மயக்க மருத்துவர் எழுதும் பதிவேட்டுக்கு மூதாதை. பந்தயம் விளையாட்டாக இருக்கலாம். ஆனால் குறித்து வைக்கும் பழக்கம் இருவரையும் ஆயுள் முழுக்க விடவில்லை. 1912 வரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய குஷிங், பக்கம் மாறி அறுத்ததையும் காயத்துக்குள் கருவி நழுவி விழுந்ததையும்கூடத் தம் குறிப்புகளில் ஒளிக்காமல் எழுதினார்.

காட்மன் இன்னும் ஒரு படி மேலே போனார். அறுவை செய்து வீட்டுக்கு அனுப்பிய ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டார். என்ன நோய் என்று நினைத்தோம், என்ன செய்தோம், என்ன சிக்கல் வந்தது, ஓர் ஆண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். குணமாகவில்லை என்றால் ஏன் என்றும் எழுத வேண்டும். அதற்கு அவர் வகுத்த காரணப் பட்டியலை நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன். கைத்திறனோ அறிவோ போதவில்லையா? முடிவெடுத்ததில் பிழையா? கவனிப்பிலோ கருவியிலோ குறையா? நோயைக் கண்டுபிடித்ததில் தவறா? இவை நம் பக்கத்துக் காரணங்கள். நோயே வெல்ல முடியாததாக இருந்ததா, நோயாளி சிகிச்சைக்கு மறுத்தாரா என்பவை அடுத்து வரும். கடைசியாக, நம் கட்டுப்பாட்டில் இல்லாத விபத்துகளுக்குத் தனி இடம். அவற்றையும் பொதுமக்களிடம் ஒப்புக்கொண்டு, தடுக்க வழி தேட வேண்டும் என்றார். ‘விதி’ என்று எழுதித் தப்பிக்க அந்த அட்டையில் இடமே இல்லை.

1911இல் சொந்தமாகச் சிறு மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் கணக்கை அச்சிட்டபோது, 123 தவறுகளைக் குறிப்பிட்டிருந்தார். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் நாளத்தைத் தாமே தவறுதலாகக் கட்டிவிட்டதும், அந்த நோயாளி இறந்ததும் அதில் உண்டு. பித்தப்பை அறுவை செய்யும் எவருக்கும் இதைப் படிக்கும்போது வயிறு கலங்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதைத் தம் பெயர் போட்ட புத்தகத்தில் அச்சேற்றியிருக்கிறார்.

ஊர் அவரைத் தாங்கவில்லை. திறமையைப் பார்க்காமல் வயது வரிசையில் பதவி தரும் முறையை எதிர்த்து, 1914இல் மாசசூசெட்ஸ் மருத்துவமனையை விட்டு விலகினார். 1915 ஜனவரியில் பாஸ்டன் மருத்துவர்கள் கூடிய கூட்டத்தில், நகர மேயரும் அமர்ந்திருக்க, பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்து காட்டினார். மணலுக்குள் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி, மருத்துவர்களுக்குப் பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளுகிறது. உண்மை தெரிந்தால் முட்டை வருமா என்பது அவர் கேள்வி. மருத்துவச் சங்கத்தில் வகித்த தலைமையும் போனது, ஹார்வர்டில் கற்பிக்கும் பணியும் போனது. 1940இல் இறந்தபோது அவருக்குக் கல்லறைக்கல்கூட வைக்கவில்லை. அது 2014இல்தான் வந்தது.

அவருடைய எண்ணம் சாகவில்லை, ஆனால் பாதிதான் பிழைத்தது. 1919இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, மருத்துவமனைகளுக்கு ஒரு குறைந்தபட்சத் தரம் வகுத்தது. கேஸ் ஷீட் ஒழுங்காக இருக்க வேண்டும், மருத்துவர்கள் குறித்த இடைவெளியில் கூடித் தங்கள் நோயாளிகளைப் பற்றி ஆராய வேண்டும் என்பவை அதில் உண்டு. நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளைப் பார்த்ததில் 89தான் தேறின. பெயர்ப் பட்டியல் பத்திரிகைக்குப் போய்விடக் கூடாதென்று நியூயார்க் வால்டார்ஃப் ஆஸ்டோரியா ஹோட்டலின் உலையில் போட்டு எரித்தார்கள். பெயர்கள் சாம்பலாயின, ஆராயும் கூட்டம் மட்டும் நிலைத்தது. 1983 முதல் அமெரிக்காவில் பயிற்சி தரும் மருத்துவமனைகளுக்கு அது கட்டாயம். நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மார்ட்டாலிட்டி மீட்டிங் என்கிறோமே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

அந்தக் கூட்டத்தில் இளம் மருத்துவர் உண்மையில் எதைக் கற்கிறார் என்று சார்ல்ஸ் பாஸ்க் என்ற சமூகவியலாளர் ஒரு மருத்துவமனையிலேயே தங்கிக் கவனித்து, 1979இல் புத்தகமாக்கினார். கை தவறியதையும் முடிவு பிசகியதையும் மூத்தவர்கள் மன்னிக்கிறார்கள். உடனே சொல்ல வேண்டும், அதே தவறு திரும்ப வரக் கூடாது. சொல்லாமல் மறைத்ததை, கூப்பிட்டும் வார்டுக்கு வராததை மன்னிப்பதில்லை. என் அனுபவமும் இதுவே. தையல் விட்டுக் குடல் கசிந்ததற்காக நான் எந்த மாணவரையும் வெறுத்ததில்லை. இரவு இரண்டு மணிக்கு நாடி 130 என்று நர்ஸ் சொன்ன பிறகு, காலைவரை எனக்குப் போன் செய்யாமல் இருந்தவரிடம்தான் கடுமையாக இருந்திருக்கிறேன். பதிலுக்கு யூனிட் சீஃபுக்கும் ஒரு கடமை உண்டு. கூட்டத்தில் மாணவரை முன்னே நிறுத்திவிட்டுப் பின்வரிசையில் உட்காரக் கூடாது. என் யூனிட்டில் நடந்தது என் பொறுப்பு என்று முதலில் அவர் எழ வேண்டும். அப்படி எழாத சீஃபுகளின் கீழ் படித்தவர்கள் மறைக்கத்தான் கற்கிறார்கள்.

2000இல் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர், தவறு செய்த மருத்துவரையும் இரண்டாவதாகப் பாதிக்கப்பட்டவர் என்றார். கேஸ் போன மறுநாள் மெஸ்ஸில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் பி.ஜி.யைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தப் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. ஆனால் முதலில் பாதிக்கப்பட்டவரின் குடும்பம் கூட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறது. அவர்களிடம் என்ன நடந்தது என்று சொல்லப் பழக்கும் பாடம் இன்னும் சரியாக அமையவில்லை.

காட்மனின் அட்டையில் நாம் கைவிட்ட பாதி ஓராண்டுக் கணக்கு. நம் கூட்டங்கள் வார்டில் இறந்தவர்களைப் பேசுகின்றன. டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போய், ஆறாத புண்ணோடும் திரும்ப வந்த கட்டியோடும் வேறு மருத்துவமனை தேடிப் போனவர் நம் கணக்கில் இல்லை. தைத்து அனுப்பியவருக்கு அது வெற்றி. காட்மன் கடிதம் எழுதி விசாரித்தார். இன்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே கைபேசி எண் இருக்கிறது. அறுவை செய்த பி.ஜி.யே ஓர் ஆண்டு கழித்துக் கூப்பிட்டு, வேலைக்குப் போகிறீர்களா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பார்க்காமல் அவரைத் தேர்வுக்கு அனுப்பக் கூடாது.