எட்டு ஆண்டு காத்திருந்த தங்கம்



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ராஜா ராணி கதையெல்லாம் நிறையப் படித்தாயிற்று. ஒரு கல்லூரி மாணவனின் கதையைச் சொல்கிறேனே! அமெரிக்க நீச்சல் வீரர் பாப்லோ மொராலெஸின் கதை இது.

இவருடைய பெற்றோர் கியூபாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். தாயார் பிளாங்கா சிறு வயதில் தண்ணீரில் மூழ்கப் பார்த்துப் பிழைத்தவர். தம் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று நீச்சல் கற்க அனுப்பினார். பையன் பட்டாம்பூச்சி நீச்சலில் புலியாகிவிட்டான்!

கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்கிப் கென்னி என்பவர் பயிற்சியாளராக இருந்தார். அவரிடம் பயின்ற மொராலெஸ், 1984 முதல் 1987 வரை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகளில் 11 தனிநபர் பட்டங்களை வென்றார். ஆண்களில் அதற்கு முன் யாரும் அத்தனை பட்டம் வாங்கியதில்லை. 1985, 1986, 1987 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அணிப் பட்டமும் ஸ்டான்போர்டுக்கே.

இடையில் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வந்தது. 100 மீட்டர் பட்டாம்பூச்சியில் மேற்கு ஜெர்மனியின் மைக்கேல் கிராஸ் முந்திக்கொள்ள, இவருக்கு வெள்ளி. 200 மீட்டர் கலப்பு நீச்சலிலும் வெள்ளிதான். தொடர் நீச்சலில் தங்கம் கிடைத்தாலும், தனிநபர் தங்கம் கைநழுவிப் போனது. 1986-இல் 100 மீட்டரை 52.84 விநாடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அடுத்த ஒலிம்பிக்கில் தங்கம் இவருக்குத்தான் என்று யாரும் நினைப்பார்கள் அல்லவா?

நடந்ததோ வேறு. அமெரிக்காவில் உலக சாதனையாளராக இருந்தாலும் தகுதிப் போட்டியில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால்தான் அணியில் இடம். 1988-இல் மொராலெஸ் 100 மீட்டரில் மூன்றாவது, 200 மீட்டரிலும் மூன்றாவது! சியோல் ஒலிம்பிக்குக்கு அவர் போகவே முடியவில்லை.

கல்லூரி வாழ்க்கையும் முடிந்துவிட்டதே! கல்லூரி அணியை விட்டால் அந்நாளில் நீச்சல்காரருக்குப் பிழைப்பு ஏது? கார்னெல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். கல்லூரி மைதானத்தோடு விளையாட்டை விட்டுவிட்டு வேலை, குடும்பம் என்று போனவர்கள் நம்மிலும் எத்தனை பேர்!

1991-இல் தாயார் புற்றுநோயால் காலமானார். அதற்குப் பின் மொராலெஸ் சட்டப் படிப்பை நிறுத்திவைத்துவிட்டு மீண்டும் கென்னியிடம் வந்து குளத்தில் இறங்கினார். முப்பது வருஷம் வக்கீல் தொழிலில் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது சாதாரண முடிவல்ல. மூன்றாண்டு இடைவெளி, கையில் சில மாதப் பயிற்சி, எதிரே தம்மைவிட இளைய வீரர்கள். ஆனாலும் இந்த முறை தகுதிப் போட்டியில் தேறிவிட்டார்.

1992 பார்சிலோனா. 100 மீட்டர் இறுதிப் போட்டி. மொராலெஸ் 53.32 விநாடி, போலந்தின் ரஃபால் ஷுகாவா 53.35, சியோலில் தங்கம் வென்ற சூரினாமின் அந்தோணி நெஸ்டி 53.41. வெறும் 0.03 விநாடி வித்தியாசத்தில், 27-ஆம் வயதில், தனிநபர் தங்கம்! தொடர் நீச்சலிலும் இன்னொரு தங்கம். பார்க்கத்தான் தாயார் இல்லை.

இதில் என் மனதைத் தொட்டது ஒரு கணக்கு. தங்கம் வாங்கிய நேரம், அவரே 21 வயதில் நீந்திய நேரத்தைவிட 0.48 விநாடி அதிகம். அந்தப் பழைய சாதனையை 1995 வரை யாரும் முறியடிக்கவில்லை. உச்சத்தில் இருந்தபோது கிடைக்காதது, வேகம் சற்றுக் குறைந்த பிறகு திரும்பி வந்தவருக்குக் கிடைத்தது.

பிற்பாடு சட்டப் படிப்பையும் முடித்தார். ஆனால் வக்கீல் கோட்டு அவரைப் பிடித்து வைக்கவில்லை. 2001-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மகளிர் நீச்சல் அணியின் பயிற்சியாளரானார்.

மாணவச் செல்வங்களே, தேர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாமல் போகும் நாள் ஒன்று வரலாம். அன்று இந்த மூன்றாம் இடத்துக்காரரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்ற பழைய மாணவர்களும் நினைத்துக்கொள்கிறோம்!