கல்லெழுத்தும் அச்செழுத்தும்: திருமலைக் கல்வெட்டுகளை முன்வைத்து

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வட எல்லையாகச் சுட்டும் வேங்கடம் இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 2022இல் திருப்பதி மாவட்டத்தின்பாற் பட்டது. திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை; வடசொற்கள் கிரந்த எழுத்தில் இடையிடையே வருகின்றன. இக்கல்லெழுத்து அச்செழுத்தாக மாறியபோது பெற்றவையும் இழந்தவையும் எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இக்கல்வெட்டுகள் சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வி. விஜயராகவாச்சாரி ஆகியோரின் உழைப்பால் 1930களில் தேவஸ்தானக் கல்வெட்டு வரிசையாக வெளிவந்தன. சுவர்களில் இருந்தவை ஆய்வாளர் கைக்கு எட்டின. ஆயினும் அச்சு என்பது படியெடுப்பு மட்டுமன்று. அது பொருள்கோளும் ஆகும். கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. இவ்வேறுபாட்டை இன்று நாம் காணும் வடிவில் அமைத்தவராக வீரமாமுனிவர் குறிக்கப்பெறுகிறார். எனவே அச்சுப் பாடத்தில் காணும் புள்ளியும் நெடிற்குறியும் கல்தச்சன் பொறித்தவை அல்ல, பதிப்பாசிரியர் துணிந்தவை.

இழப்பு எத்தகையது என்பதற்குச் சாமவை கல்வெட்டு சான்றாகும். திருமலைக்கு வெள்ளித் திருமேனி அளித்த இவ்வரசியின் கொடையைக் கி.பி. 614 என்பாரும் கி.பி. 966 என்பாரும் உளர். அதில் குறிக்கப்பெறும் அரசன் யார் என்பதே வேறுபாட்டின் வேர். இத்தகைய இடங்களில் எழுத்தமைதி முதன்மைச் சான்றாக நிற்கும். ஆனால் அச்சில் ஏழாம் நூற்றாண்டுக் ககரமும் பத்தாம் நூற்றாண்டுக் ககரமும் ஒன்றே. அச்சுப் பாடத்தை மட்டும் கொண்டு காலம் துணிவார்க்கு அச்சான்று கிட்டாது.

பழைய கல்லெழுத்தின் வனப்பைத் தழுவிக் கணினி எழுத்துருக்கள் அமைத்தல் இன்று எளிதாகியுள்ளது. நூன்முகப்பு, விழாமலர், அருங்காட்சியகப் பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு அவை பெரிதும் பொருந்தும். கல்வெட்டுப் பாடத்துக்கு அவை பொருந்தா. காரணம் இரண்டு. ஒன்று, எழுத்துரு ஓர் எழுத்துக்கு ஒரு வடிவமே தரும். உளியோ இடத்துக்கேற்ப வேறுபடும். மற்றொன்று, பழைய சாயலில் புள்ளியிட்டு அச்சிட்டால், கல்லிலேயே புள்ளி உண்டென வாசகர் மயங்குவர்.

பாடத்துக்குத் தெளிவான நூலெழுத்தே தக்கது. ஒருங்குறியில் 2014இல் கிரந்தமும், 2019இல் பின்னம், அளவை முதலியவற்றின் பழந்தமிழ்க் குறிகளும் இடம்பெற்றமையால் அவற்றை இன்று பிழையின்றி அச்சிடலாம். பாடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மைப்படியின் ஒளிப்படம் இடம்பெறுதல் வேண்டும். சொல்லை அச்சு காக்கும். எழுத்தின் வடிவை மைப்படியே காக்கும். வேங்கடத்துச் சுவர்கள் இவ்விரண்டையும் வேண்டி நிற்கின்றன.