துபாஷி முதல் மவுண்ட் ரோடு வரை: மதராசில் புதிதாக இறங்கிய ஐரோப்பியரின் அன்றாடம்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் மதராசில் கோட்டை கட்ட இடம் பெற்றபோது, துணி மலிவாகக் கிடைப்பதையும் உள்ளூர் நாயக்கர்கள் தந்த சலுகைகளையும் எண்ணிப் பார்த்ததே தவிர, கப்பல் ஒதுங்க இடம் உண்டா என்பதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இதனால் 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் அமையும் வரை, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இங்கு வந்த ஒவ்வோர் ஐரோப்பியரும் தம் கப்பலைத் தொலைவிலேயே விட்டுவிட்டு மசூலா படகில் அலைகளைத் தாண்டிக் கரையேற வேண்டியிருந்தது. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியதால், அலையின் அடிக்கு உடையாமல் வளைந்துகொடுக்கும் படகே மசூலா. அதற்கும் முன்னதாகக் கட்டுமரக்காரர்கள், நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு, கப்பலுக்கும் கரைக்கும் இடையே செய்தி சுமந்தனர். ஆகவே புதியவர் இந்த ஊரில் பெற்ற முதல் சேவை மீனவர்களுடையது. அடுத்த சேவை கரையிலேயே காத்திருந்தது. அதைத் தந்தவருக்குப் பெயர் துபாஷி.

இரு மொழி அறிந்தவர் என்ற பொருளில் வழங்கிய இப்பெயர் அவர் செய்த வேலையில் ஒரு சிறு பகுதியையே சுட்டுகிறது. முன்பு தாம் பணியாற்றிய துரைமார் எழுதித் தந்த நற்சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு புதியவரை அணுகும் துபாஷி, அவருக்கு வீடு பிடித்துத் தருவார்; வேலையாட்களை அமர்த்துவார்; பல்லக்கும் அதைத் தூக்கும் போயிகளும் ஏற்பாடு செய்வார்; அரிசி முதல் மதிரா ஒயின் வரை வாங்கித் தருவார்; இவை அனைத்துக்கும் தேவையான பணத்தையும் தாமே கடனாகக் கொடுப்பார். கம்பெனியின் பணியில் மிகத் தாழ்ந்த படியில் இருந்த ‘ரைட்டர்’, அதாவது எழுத்தர், பதின்ம வயதில் வந்திறங்கிய இளைஞர். அவருடைய சம்பளம் அவருடைய அந்தஸ்துக்குப் போதாது. இப்படிப்பட்டவருக்குக் கடன் கொடுப்பது அறியாமையாகத் தோன்றலாம். ஆனால் அதே இளைஞர் சில ஆண்டுகளில் வணிகப் பொறுப்பிலோ வரி வசூல் பொறுப்பிலோ அமர்வார் என்பதையும், அவருடைய சொந்த வியாபாரம் தம் கைவழியாகவே நடக்கும் என்பதையும், அவர் பெயரைச் சொல்லி ஊரில் தாம் செல்வாக்குப் பெறலாம் என்பதையும் துபாஷி கணக்கிட்டிருந்தார். புதியவரின் வசதிகள், இந்த வகையில் பார்த்தால், நீண்டகால முதலீட்டின் முதல் தவணை.

இம்முதலீட்டுக்கு உடனடி வருமானமும் உண்டு. வாங்கும் ஒவ்வொரு பொருளிலும், அமர்த்தும் ஒவ்வோர் ஆளிடமும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் தஸ்தூரி என்ற வழக்கம் இருந்தது. வெள்ளையர் இதைத் திருட்டு என்று எழுதிவைத்தனர். கடைத்தெருவோ இதைத் தரகுக்கூலி என்றே கருதியது. மொழி தெரியாத, விலை தெரியாத, யாரிடம் எதைக் கேட்பது என்றும் தெரியாத ஒருவருக்காக அலைபவருக்குக் கூலி வேண்டும் என்பதை மறுக்க முடியாது; அக்கூலி வெளிப்படையாக இல்லாமல் விலைக்குள் மறைந்திருந்ததுதான் சிக்கல்.

இத்தொழிலில் செல்வம் சேர்த்தவர்களின் தடயங்கள் ஊரில் இன்றும் உள்ளன. ஆளுநர் பிகட்டின் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், இந்தியர் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்திலிருந்து அகற்றப்பட்ட சென்னகேசவப் பெருமாள் கோயில் இப்போதைய இடத்தில் மீண்டும் எழுவதில் முதன்மையான பங்கு வகித்தார். பச்சையப்ப முதலியார் (1754–1794) விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து 1842இல் ஒரு பள்ளி தோன்றிப் பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. அவதானம் பாப்பையாவின் கதை வேறு விதமானது. ஆளுநர் பொறுப்பு வகித்த ஹாலந்து சகோதரர்களின் துபாஷியாக இருந்த அவர், கம்பெனி அதிகாரி ஒருவருக்கு எதிராகச் சதி செய்ததாக 1792இல் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். வால்டர் ஸ்காட் 1827இல் வெளியிட்ட கதையொன்றில் பாப்பையா என்ற பெயருடைய சூழ்ச்சிக்காரர் வருவது இவ்வழக்கின் எதிரொலியே. எஜமானர்களாகிய சகோதரர்களோ விசாரணைக்கு முன்பே கப்பலேறிவிட்டிருந்தனர்.

துபாஷி அமைத்துக் கொடுத்த வீட்டில் புதியவர் கண்ட முதல் வியப்பு வேலையாட்களின் எண்ணிக்கை. தலைமை வேலையாள் பட்லர், அவருக்கு உதவியாக மேட்டி, சமையற்காரர், அவருக்கு ஓர் உதவியாள், குழந்தைகளுக்கு ஆயா, துணிக்கு வண்ணார், ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரன், அதற்குப் புல் அறுத்து வர ஒரு பெண், தோட்டத்துக்கு, காவலுக்கு, தண்ணீருக்குத் தனித்தனி ஆட்கள். தையற்காரர் வீட்டுத் தாழ்வாரத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்து நாள் முழுதும் தைத்தார். நாவிதரும் துணிமூட்டை வியாபாரியும் படியேறி வந்தனர். ஒருவர் வேலையை மற்றவர் செய்யாத சாதிப் பிரிவினையே இந்த எண்ணிக்கைக்குக் காரணம் என்று வந்தவர்கள் குறைபட்டுக்கொண்டனர். அது பாதி உண்மை. இங்கிலாந்தில் நடுத்தர வீட்டில் பிறந்தவர் இங்கே பிரபுவைப்போல் வாழ விரும்பியது மறுபாதி.

வேலையாட்களும் கூலியை உயர்த்திக் கேட்கத் தெரிந்தவர்களே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூலியையும் சந்தை விலையையும் கட்டுப்படுத்துவதற்கென்றே மதராசில் ‘போலீஸ் குழு’ அமைக்கப்பட்டது. போலீஸ் என்ற சொல் அக்காலத்தில் நகர ஒழுங்கு முழுவதையும் குறித்ததால், போயிகளும் படகோட்டிகளும் சமையற்காரர்களும் என்ன கேட்கலாம் என்பதும் அதன் அதிகாரத்துக்குள் வந்தது. விலைப்பட்டியல்கள் எழுதப்பட்டன, அவை நீடித்துப் பின்பற்றப்படவில்லை. ஆள் தேர்வில் புதியவருக்கு இருந்த ஒரே துணை, முந்தைய எஜமானர் எழுதித் தரும் ‘சிட்டு’ என்ற நற்சான்றுச் சீட்டு. ஒருவருடைய சீட்டை இன்னொருவர் இரவல் வாங்கிக் காட்டுவது பரவலாக நடந்தது. ஊர் வழக்கம் பிடிபடும்முன் முதலாண்டில் ஏமாறும் இத்தகைய புதுவரவைப் பழையவர்கள் ‘கிரிஃபின்’ என்று கேலியாக அழைத்தனர்.

மொழி கற்றிருந்தால் இத்தொல்லைகளில் பல குறைந்திருக்கும். கம்பெனி அதிகாரி எல்லிஸின் முயற்சியால் 1812இல் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, புதிதாக வந்த ஆட்சிப்பணி இளைஞர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்தது. தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஊக்கத்தொகையும் கிடைத்தது. அக்கல்லூரியின் பதிப்புப் பணியும் மொழி ஆராய்ச்சியும் பெருமைக்குரியவை. இருந்தும் அங்குப் படித்த மொழி அலுவலகத்தோடு நின்றது. வீட்டுக்குள் ஆண்டது பட்லர் ஆங்கிலம். எழுவாயும் வினையும் தம் போக்கில் நடக்கும் அந்தக் கலப்புமொழியை 1830களில் மதராசிலும் ராஜமுந்திரியிலும் வாழ்ந்த ஜூலியா மெய்ட்லாண்டு தம் கடிதங்களில் வேடிக்கையாகப் பதிவு செய்திருக்கிறார். அவை 1843இல் நூலாக வந்தன. எஜமானியம்மாள் தமிழைக் கற்பதைவிடப் பட்லர் ஆங்கிலத்தைக் கற்பது விரைவாக நடந்தது என்பதில் யார் திறமைசாலி என்ற கேள்விக்கு விடை இருக்கிறது.

குடிக்கத் தண்ணீர் 1772 முதல் ஏழு கிணறு நீர்நிலையத்திலிருந்து கோட்டைக்கு வந்தது. அதைக் குளிர வைப்பது தனிக்கலை. வெடியுப்பு நீரில் கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், அக்கரைசலில் புட்டிகளை அமிழ்த்திச் சுழற்றிக் குளிர்விக்கும் முறை வழக்கில் இருந்தது. இந்நிலையை மாற்றியவர் இந்த ஊரைப் பார்த்தேயிராத பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர். மாசச்சூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், அப்பனிக்கட்டியை அறுத்து மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றிய அவர், 1833இல் கல்கத்தாவுக்கு முதல் சுமையை அனுப்பினார். சூயஸ் கால்வாய் இல்லாத காலத்தில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, ஏறத்தாழ நான்கு மாதங்கள் பயணம் செய்த பிறகும் பெரும்பகுதி கரையாமல் வந்து சேர்ந்தது. மதராசில் அதைச் சேமிப்பதற்கு 1842இல் கடற்கரையோரம் எழுந்ததுதான் ஐஸ் ஹவுஸ். தாம் கரையில் வாழ்ந்த வால்டன் குளத்தின் நீரை மதராஸ்வாசிகள் பருகுவதை அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி தோரோ 1854இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டது இந்த வணிகத்தை மனத்தில் கொண்டே. ஐஸ் முதலில் மருத்துவமனைக்கும் ஐரோப்பியர் விருந்துக்குமானதாக இருந்தது. 1870களில் நீராவி இயந்திரத்தால் ஊரிலேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் டியூடரின் வணிகம் சரிந்தது. கட்டடம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரிடம் சென்றது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம். ஆனால் சுற்றுவட்டாரத்தின் பெயரும் பேருந்து நிறுத்தத்தின் பெயரும் ஐஸ் ஹவுஸ்தான்.

ரொட்டிக்கு வழி உள்ளூரிலேயே கிடைத்தது. மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டுக்கு மாற்றாகக் கள்ளைச் சேர்த்தனர் ரொட்டி சுடுபவர்கள்; மதுவிலக்குப் பேசிய பாதிரிமார் வீட்டு ரொட்டியும் இப்படித்தான் உப்பியிருக்க வேண்டும். சமையல் பற்றி விரிவாக எழுதியவர் மதராஸ் படையின் அதிகாரி கென்னி-ஹெர்பர்ட். ‘வைவெர்ன்’ என்ற புனைபெயரில் மதராஸ் செய்தித்தாளில் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 1878இல் அவர் வெளியிட்ட சமையல் நூல், ஐரோப்பியர் தகரடப்பா உணவை நம்பி விருந்து வைப்பதைச் சாடியது. வீட்டுக்குத் தள்ளிப் புகை மண்டிய கொட்டகையாக இருந்த சமையற்கட்டை எஜமானர்கள் எட்டிப் பார்ப்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னது. குறையை இருபுறமும் காட்டிய நேர்மை அந்நூலுக்கு உண்டு. எனினும் மதராசின் சமையற்காரர் அனைவரையும் ‘ராமசாமி’ என்ற ஒரே பெயரால் அழைத்ததைப் பாராட்ட இயலாது.

சீமைச் சாமான்களை விற்ற ‘யூரோப் கடை’ 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. மதராசின் முதல் செய்தித்தாளாக 1785இல் வெளிவந்த ‘மெட்ராஸ் கூரியர்’ பெரிதும் விளம்பரங்களால் நிறைந்திருந்தது. எந்தக் கப்பலில் எந்த ஒயினும் தொப்பியும் வந்திறங்கின, இறந்தவர் அல்லது ஊர் திரும்புபவர் வீட்டுச் சாமான் எப்போது ஏலத்துக்கு வருகிறது என்பதை அறிய அதையே பார்த்தனர். 1844இல் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும், 1863இல் ஸ்பென்சரும் தொடங்கின. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து பயணம் சில வாரங்களாகச் சுருங்கியதும் ஐரோப்பியப் பெண்களின் வரவு பெருகியது. அவர்கள் கடைக்கு நேரில் வந்து பொருள் தேர்ந்தெடுத்தனர். பல்லக்கு வீதியாக இருந்த மவுண்ட் ரோடு கடைவீதியாக மாறியது. பி. ஆர் அண்டு சன்ஸ் கடிகாரமும் நகையும் விற்றது, சிம்ப்சன் குதிரைவண்டி கட்டித் தந்தது, டபிள்யூ. ஈ. ஸ்மித் மருந்துக்கடை 1897இல் மாளிகையே எழுப்பியது. 1895இல் புதிய கட்டடத்துக்கு மாறிய ஸ்பென்சர், சீமைப் பொருளோடு திண்டுக்கல்லில் தானே உருட்டிய சுருட்டையும் விற்றது. வாங்கியவர்கள் உடனே பணம் கொடுக்கவில்லை. கடன் சீட்டில் கையெழுத்திட்டு மாதக் கடைசியில் தீர்த்தனர். துபாஷி கொடுத்த கடனைக் கடை கொடுத்தது, அவ்வளவே.

1832இல் தோன்றிய மதராஸ் கிளப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய ஆண்கள் மட்டும் உறுப்பினராகலாம் என்ற அதன் விதியால் மனமுடையாத இந்தியப் பிரமுகர்கள், 1873இல் இரு தரப்பினரும் சேரக்கூடிய காஸ்மாபாலிட்டன் கிளப்பை அமைத்துக்கொண்டனர்.

துபாஷியின் இடத்தைக் கடை பிடித்த அதே மாற்றம் சேமிப்புப் பணத்துக்கும் நேர்ந்தது. பாரி, பின்னி, அர்பத்நாட் முதலிய ஏஜென்சி நிறுவனங்கள், அதாவது ஏற்றுமதி வணிகத்தோடு வட்டிக்குப் பணம் பெறுவதையும் பெட்டி படுக்கையைக் கப்பலேற்றுவதையும் செய்த வணிக இல்லங்கள், துபாஷியின் இடத்தைப் படிப்படியாக எடுத்துக்கொண்டன. சுதேசியின் கையிலிருந்து தங்கள் சேமிப்பு நம்பிக்கையான ஆங்கிலேயர் கைக்கு மாறிவிட்டது என்று ஐரோப்பியர் நிம்மதியடைந்தனர். ஓய்வூதியம் பெற்ற இந்தியரும் விதவைகளும் அந்த நிம்மதியை நம்பித் தங்கள் பணத்தையும் அங்கேயே போட்டனர். 1906 அக்டோபர் 22ஆம் நாள் அர்பத்நாட் நிறுவனம் திவாலானது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு நீதிமன்றம் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதித்தது. பாப்பையாவின் வழக்கைக் காட்டித் துபாஷிகள் அனைவரையும் சூழ்ச்சிக்காரர் என்று எழுதியவர்கள், அர்பத்நாட்டின் வழக்கைக் காட்டி ஆங்கிலேய வணிகர் அனைவரையும் அப்படி எழுதவில்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயரும் நகரத்தார் வணிகர்களும் முன்நின்று, இந்தியர் பணத்தை இந்தியரே காக்கும் நோக்கத்துடன் அமைத்த இந்தியன் வங்கி 1907 ஆகஸ்டு 15ஆம் நாள் செயல்படத் தொடங்கியது.