பக்கவாதத் தடுப்பில் உப்பின் இடம்: அகிதா தரும் சான்று

உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை, மது, உடலுழைப்பின்மை என்று பக்கவாதத்துக்கான காரணிகளை மருத்துவ நூல்கள் அடுக்குகின்றன. பட்டியலில் பிழையில்லை. ஆனால் எதை முதலில் கையிலெடுப்பது என்று தடுப்புத் திட்டம் வகுப்பவர் கேட்டால் அதில் விடை இல்லை. 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, பக்கவாதச் சுமையில் ஏறத்தாழப் பாதி உயர் இரத்த அழுத்தத்தைச் சார்ந்தது. அதற்கே முதலிடம் என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. அதைக் குறைக்கும் பொறுப்பு நோயாளியுடையதா, ஊருடையதா என்பதில்தான் கருத்து பிளவுபடுகிறது. ஊருடையது என்பதற்கு ஜப்பானின் அனுபவம் வலுவான சான்று.

அங்கே 1951 முதல் 1980 வரை மரணக் காரணங்களில் பக்கவாதமே முதலிடத்தில் இருந்தது. வடகிழக்கே உள்ள அகிதா மாகாணத்தில் நிலைமை இன்னும் மோசம். நீண்ட பனிக்காலத்துக்கென உப்பிலிட்டுச் சேமித்த காய்கறி, மிசோக் கூழ், சோயாச் சாறு என்று மூன்று வேளை உணவிலும் உப்பு ஏறியிருந்தது. வட ஜப்பானியர் நாளொன்றுக்குச் சராசரியாக 27 கிராம் வரை உப்பு உண்டதாக அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் டால் 1960இல் பதிவு செய்தார். உலகச் சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைப்பது 5 கிராமுக்கும் குறைவு. மூளையின் ஆழத்துக்குள் செல்லும் நுண்தமனிகள் ஓயாத அழுத்தத்தில் நலிந்து வெடித்தன, அல்லது தடித்து அடைபட்டன. இரத்தக் கொழுப்பு குறைவாக இருந்த மக்களிடையே நிகழ்ந்தது இது. பக்கவாதத்தைக் கொழுப்பின் கதையாக மட்டுமே பார்ப்பவர்களுக்கு அகிதா பிடிபடாது.

அகிதாவின் இகாவா என்னும் சிற்றூரில் 1963இல் தடுப்புப் பணி தொடங்கியது. ஊரார் அனைவருக்கும் இரத்த அழுத்தப் பரிசோதனை, உயர்ந்திருந்தவர்களுக்கு மருந்து, உப்பைக் குறைக்க வீடுவீடாக அறிவுரை. அதன் பின் அங்கே பக்கவாதம் குறைந்தது. இந்தச் சரிவெல்லாம் செல்வம் பெருகியதாலும் குளிர்பதனப் பெட்டி வந்ததாலும் தானாகவே நேர்ந்திருக்கும் என்பது நியாயமான ஆட்சேபம். அதன் பங்கை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதே காலமாற்றத்தைக் கண்ட, குறைந்த அளவே பணி நடந்த அண்டை ஊருடன் ஒப்பிட்டபோது, இகாவா ஆண்களிடம் பக்கவாதம் கூடுதலாகக் குறைந்திருந்தது. பெண்களிடம் இரண்டு ஊரிலுமே குறைந்தது; வேறுபாடு துலங்கவில்லை.

ஏன் ஊர் முழுவதும்? அபாயம் மேல் இரத்த அழுத்தம் 140 மி.மீ. என்ற எல்லைக்கோட்டில் தொடங்குவதில்லை. பத்து லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டி 2002இல் வெளியான பகுப்பாய்வில், நடுவயதினரிடம் மேல் அழுத்தம் 115க்கு மேலே ஒவ்வொரு 20 மி.மீ. உயரும்போதும் பக்கவாத மரணம் இரு மடங்குக்கும் மேல் கூடியது. மிக உயர்ந்த அழுத்தம் உள்ளவர்கள் சிலரே. சற்றே உயர்ந்தவர்கள் பலர். பக்கவாதத்தில் பெரும்பங்கு அந்தப் பலரிடமிருந்து வருகிறது. நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் வாதிட்டது இதையே. மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் மருத்துவர் அந்தப் பலரைக் காணவே போவதில்லை.

உப்பின் பங்குக்கு அண்மைச் சான்றும் உண்டு. சீனக் கிராமங்கள் 600ஐ எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பை வழங்கிய ஆய்வு 2021இல் வெளியானது. அந்த உப்பைப் பெற்றவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. யாரும் சமையலை மாற்றவில்லை, பையில் இருந்த உப்புதான் மாறியது. சிறுநீரகம் நலிந்தவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து. அவர்களைக் கண்டறிய வழியில்லாத இடத்தில் இவ்வுப்பைப் பரப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

உப்பு எட்டாத பகுதியும் உண்டு. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில், இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பால் விளையும் பக்கவாதத்தின் பங்கு ஐம்பதுகளில் இருப்போரிடம் 1.5 விழுக்காடு, எண்பதுகளில் 23.5 விழுக்காடு. மூப்படையும் சமூகத்தில் இரத்த அழுத்தம் பார்க்க வரும் செவிலியர் அதே அமர்வில் நாடியையும் பிடித்துப் பார்க்க வேண்டும். துடிப்பு தாறுமாறாக இருந்தால் இதய மின்பதிவுக்கு அனுப்ப வேண்டும். நாடி பார்க்கத் தனிக் கருவியோ தனி முகாமோ தேவையில்லை.